அவள் பக்கம் திரும்பியிருந்த மீட்டர்

இருபத்தேழாவது வளைவின் பலகை ஜன்னலுக்கு வெளியே வந்து விலகியபோது முள் நூற்று இரண்டில் இருந்தது. கோகிலவாணி அதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நூற்று இரண்டு. வாயைத் திறந்து சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் கேட்காமல் எதற்குச் சொல்ல வேண்டும்? கல்யாணமாகி மூன்று வருஷமாக இந்த இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். ஒரு நாளாவது, கோகிலா, எத்தனை காட்டுது என்று இந்த மனுஷன் கேட்டதுண்டா? இன்றைக்கும் கேட்கவில்லை. குழந்தைவேல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் தன் பேரில் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டவை மாதிரி, நிதானமாக வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு மூட்டை அரிசியும் இரண்டு அண்டாவும் வளைவுக்கு வளைவு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நாளைக்கு மலைமேல் பேரனுக்குக் காதுகுத்து. அவருடைய பேரன். அவருடைய மகள் தாரணியின் பிள்ளை. தாரணி பிரமிளாவின் மகள். பிரமிளா இவருடைய முதல் மனைவி, கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு போனவள், உயிரோடு, திடகாத்திரமாக, மேலே மகள் வீட்டில் நாளைய சமையலுக்கு இந்த அரிசியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் கடைசியில் அந்தப் பெயரில்தான் போய் முட்டுகிறது, மலைப்பாதை மேலே போய்த்தான் முடியும் என்கிற மாதிரி. நூற்று மூன்று.

வண்டிக்கு இருபத்திரண்டு வயசு. ஜப்பானில் காடு மேடு ஏறுவதற்கென்றே செய்தது. நாலு சக்கரமும் இழுக்கும், கியர் தானே மாறிக்கொள்ளும். தானே மாறுகிற கியருக்கு ஒரு சங்கடம் உண்டு, பாரத்தோடு மலையேறினால் கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துப்போகும். என்ஜின் சூட்டைக் காட்ட வண்டியிலேயே ஒரு முள் இருக்கிறது. கியர்பாக்ஸ் சூட்டைக் காட்ட அந்தக் காலத்து வண்டியில் ஒன்றும் கிடையாது. தாரணிக்குப் பன்னிரண்டு வயசாக இருந்தபோது நாற்பத்து மூன்றாவது வளைவில் கியர்பாக்ஸ் கருகி, மூன்று பேரும் பொழுது சாயும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகுதான் சேலத்தில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து இந்த வட்ட மீட்டரை வாங்கி டேஷ்போர்டுக்குக் கீழே நடுவில் மாட்டினார்கள். நடுவில் என்றால் நடுவில் இல்லை. முகம் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு ஓரக்கண்ணால்தான் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு நேருக்கு நேர். நீங்க ரோட்டப் பாருங்க, சூட்ட நான் பாத்துக்கறேன் என்று மகராசி பிரமிளா சொன்னாளாம். இதைக் கோகிலவாணியிடம் சொன்னது தாரணி, ஒரு பொங்கலன்று, வெள்ளந்தியாக, சிரித்துக்கொண்டே. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அன்றிலிருந்து மீட்டர் தன்னைப் பார்க்கவில்லை, தனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்தவளைத்தான் தேடுகிறது என்று கோகிலவாணிக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. சீட்டில்கூட அவளுடைய பள்ளம் இருக்கிறது. கவர் மாற்றியாயிற்று, பஞ்சை மாற்ற முடியவில்லை.

முப்பத்தொன்று. நூற்று நான்கு. நோட்டில் இந்த வளைவுக்கு என்ன எண் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும், தொண்ணூற்றாறு. அந்த நோட்டை எடுத்திருக்கவே கூடாது. முதல் வருஷம் ஏதோ இன்சூரன்ஸ் காகிதம் தேடி வண்டியின் டேஷ்போர்டு அறையைத் திறந்தபோது கைக்கு வந்தது, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. உள்ளே ஒரு பக்கத்துக்கு ஒரு பயணம். வளைவின் எண், அதற்கு நேரே சூட்டின் எண். குண்டு குண்டான எழுத்து. ஐம்பது, நூற்று நான்கு, எந்தப் பக்கத்திலும் ஐம்பதுக்கு மட்டும் ஒரு அடிக்கோடு. ஐம்பத்தொன்று, நூற்று ஐந்து. இரண்டாம் கியரிலேயே விட்டால் ஐந்து குறைகிறது. அறுபது, நூற்று மூன்று. நிறுத்தினோம், கொய்யா வாங்கினோம். நிறுத்தினோம், மழை. நிறுத்தினோம். சும்மா. அந்தச் சும்மாவில்தான் கோகிலவாணி மாட்டிக்கொண்டாள். ஒரு காரணமும் இல்லாமல் மலையில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? மலையைப் பார்த்தார்களா? பேசினார்களா? இவர் பேசுவாரா? வீட்டில் ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுகிற மனுஷன். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிக்கு ஸ்பேர்பார்ட்ஸ் விற்கிற கடையில் மட்டும் வாய் ஓயாமல் பேசுவதாகக் கேள்வி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறாள். சண்டை என்று எழுதியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். இப்போது அது எத்தனாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், எண் படிப்பது கோகிலவாணியின் தொழில். ராசிபுரம் பக்கத்தில் பால் சங்கத்தில் பதினெட்டு வருஷமாகக் காலையும் மாலையும் லாக்டோமீட்டர் பார்க்கிறவள் அவள். ஜாடியில் பாலை ஊற்றி, குழாயை மிதக்கவிட்டு, குனிந்து, கண்ணைப் பால்மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு எண், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு எண், நேராகப் பார்த்தால்தான் நிஜம். இதை அவள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். சங்கத் தலைவர் வீட்டுப் பாலுக்கே தண்ணீர் என்று எழுதியவள். சொந்தச் சித்தப்பா கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு கோடு கூடப் போட்டுக்கோயேன் புள்ள, யாரு பாக்கப் போறா என்றபோது, நான் பாத்துட்டேனுங்களே சித்தப்பா என்றவள். அந்த ஆள் இவள் கல்யாணத்துக்கே வரவில்லை. ஒரு எண்ணைக்கூட அவள் இன்றுவரை மாற்றிச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஓரக்கண்ணால் எட்டி எட்டிப் பார்த்து ஓட்டுகிறார். அடுக்களையில் சமையல்காரியை உட்கார வைத்துவிட்டு ஓட்டலில் சாப்பிடுகிற மாதிரி. கேட்டுவிட வேண்டியதுதானே, நான் படிக்கட்டுமா என்று? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனால் நாற்பது வயசுவரை கல்யாணமில்லாமல் இருந்தவள் யாரிடமும் எதற்கும் அழுது பழகவில்லை. கேட்டு வாங்கினால் அது பிரமிளாவின் மிச்சம், அவராகக் கொடுத்தால் தன்னுடையது. முப்பத்தெட்டு. நூற்று ஆறு.

முன்னால் ஒரு பஸ் வந்து சேர்ந்துகொண்டது. ஆட்கள் படியில்கூட நின்றார்கள். வளைவில் பஸ் நின்று, பெருமூச்சு விட்டு, பின்வாங்கி, மறுபடி ஏறியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இவர்கள் ஊர்ந்தார்கள். சித்திரை வெயில் பாறைமேல் விழுந்து திரும்பி முகத்தில் அடித்தது. ஊர்ந்தால் சூடு ஏறும், அதுவும் நோட்டில் இருக்கிறது. பஸ் பின்னால் போகாதே, நின்றுவிட்டுப் போ, மூன்று கூடிவிட்டது. நூற்று எட்டு. கோகிலவாணி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிவாரத்திலிருந்து இதுவரைக்கும் அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை. போன தடவையெல்லாம் வளைவுக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பார், சிவப்புக் கோட்டை முள் தொட்டுவிட்டதா என்று. இன்றைக்கு ரோடு, ரோடு, ரோடு. அப்படி என்ன யோசனை? யோசனை எங்கே இருக்கும், மேலேதான் இருக்கும். காலையில் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டபோதே பார்த்தாள். மூன்று சட்டையைக் கட்டிலில் பரப்பி அதில் ஒன்றை எடுத்தார். பேரன் மடியில் மூத்திரம் போவானுங்க, வெள்ளை எதுக்கு என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். யாருக்கு இருக்கட்டும்? நாற்பத்தொன்று. நூற்றுப் பத்து.

நூற்றுப் பத்து என்றால் சிவப்புக் கோடு. கோடு இருந்திருந்தால்.

வெள்ளிக்கிழமைதான் அதைச் சுரண்டினாள். வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவள் வேலை. உள்ளே துடைக்கும்போது மீட்டர் கண்ணாடிமேல் அந்தக் கோடு, நகப்பாலிஷ், ரத்தச் சிவப்பு, ஒரு நெல் நீளம். மூன்று வருஷமாக அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி நகப்பாலிஷ் போடுகிறவள் இல்லை, பாலில் கை வைக்கிறவள் போடக் கூடாது. ஆகவே அது யார் விரல் வேலை என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அழகுக்குப் போட்ட பாலிஷை எடுத்துவந்து கணவன் வண்டிக்குத் திலகம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இவரும் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார். இதில் இன்னொன்று, கோடு தப்பு. நூற்றுப் பத்தில் நிறுத்து என்று நோட்டில் எழுதியவளே, பத்தில் போட வேண்டியதைப் பதினாறில் போட்டிருந்தாள், நேருக்கு நேராக உட்கார்ந்து பார்த்தால் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஆறு கோடு தள்ளி. வெளுத்ததெல்லாம் பால் என்று இருக்கிற இவர், அந்தத் தப்பான கோட்டை வேதவாக்காக வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். அன்றைக்கு அந்தத் தப்புதான் அவளுக்கு நியாயம் கொடுத்தது. பால் கேன் முத்திரை வெட்டுகிற பிளேடை எடுத்தாள். நான்கு இழுப்பில் போயிற்று. சிவப்புத் தூளைப் புடவைத் தலைப்பில் தட்டி வெளியே உதறியபோது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், பிறந்ததிலிருந்து அவ்வளவு அற்பமான, அவ்வளவு முழுசான சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. அன்று ராத்திரி சோற்றை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

இப்போது அந்தச் சந்தோஷத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. பார்த்தாலும் அங்கே கோடில்லை. நாற்பத்து மூன்று. நூற்றுப் பன்னிரண்டு. இதே வளைவில்தானே அன்றைக்குக் கருகியது. ரோட்டோரச் சுவரில் அந்த மூன்று பேரும் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள், பன்னிரண்டு வயசுத் தாரணி, மீசை கறுத்த இவர், கொய்யா தின்கிற பிரமிளா. வண்டி விலகியதும் அவர்களும் விலகினார்கள். சொல்லிவிடலாம். என்னங்க, சூடு ஏறுது. மூன்று சொல். சொன்னால், கோடு எங்க என்பார். எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லலாம். ஆனால் அது அவளுக்கு வராது. பொய்யை நாக்கில் வைத்துப் பார்த்தாள், தண்ணீர் கலந்த பால் மாதிரி மேலே மேலே வந்தது. நான்தான் சுரண்டினேன் என்று சொல்லலாம். ஏன் என்பார். ஏன் என்பதற்கு என்ன பதில்? நாற்பத்து மூன்று வயசுப் பொம்பளை ஒரு நெல் நீளக் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றா? சொல்லாவிட்டால் கியர்பாக்ஸ் போகும். போனால் வண்டி நிற்கும். நின்றால் மேலிருந்து மாப்பிள்ளை ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வருவான். தனியாகவா வருவான், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருவான். இந்த வண்டியின் சூடு அவளுக்குத்தானே தெரியும். பிரமிளா இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, குனிந்து மீட்டரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து கோகிலவாணியைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாமைக்கு நாலு வார்த்தை திட்டினாலே தேவலை என்று தோன்றியது.

பஸ் ஒதுங்கி வழி விட்டது. குழந்தைவேல் மிதித்தார். கியர் ஒன்று இறங்கி, வண்டி முக்கி, தாண்டியது. முள் அதற்குள் இரண்டு கோடு துள்ளியது. பதினான்கு. இப்போதாவது திரும்பிப் பாருங்களேன். ஒரு தடவை. நீங்கள் திரும்பினால் நான் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. அவர் திரும்பவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்த மாதிரி பட்டது, யாரோ பாரத்தைப் பாதி வாங்கிக்கொண்டதுபோல. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்ப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. அவளைப் பார்க்கப் போகிற நிம்மதி. இருக்கட்டும். கருகட்டும். கியர்பாக்ஸ்தானே. அது அவர்கள் காலத்துக் கியர்பாக்ஸ், மாற்றினால் புதுசு வரும், இவள் காலத்துக் கியர்பாக்ஸ். அப்படி நினைத்துவிட்டு அந்த நினைப்பின் கேவலத்தைப் பார்த்து அவளே மிரண்டாள். நாற்பத்தேழு. பதினைந்து. நாற்பத்தெட்டில் ஒரு குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தது. நாற்பத்தொன்பது. பதினேழு. அப்போது வாசனை வந்தது. முதலில் காட்டுப் பூ என்று நினைத்தாள், ஒரு இனிப்பு இருந்தது. பிறகு அடிப்பிடித்த வெல்லப் பாகு. பிறகு சந்தேகமே இல்லாத தீய்ச்சல். ஐம்பதாவது வளைவில் வண்டி திரும்பும்போது முள் பதினெட்டில் நின்று நடுங்கியது.

"நூத்திப் பதினெட்டுங்க," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அவர் பிரேக்கை மிதித்தார். வளைவு தாண்டிக் கொஞ்சம் அகலமான இடம், ஒரு புளியமரம். ஓரம் கட்டி, கியர் குச்சியைத் தள்ளி நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்தார். அவள் வண்டியை அணைக்கச் சாவிக்குக் கை நீட்டினாள்.

"அணைக்காத. அணைச்சா ஆயிலு அங்கயே நின்னு வேகும். ஓடிட்டே இருந்தாத்தான் ஆறும்." ஆக்சிலரேட்டர் பெடலைக் காலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்ஜின் ஒரே சுருதியில் முனகியது. அப்புறம் முதல் தடவையாக மீட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார். "பதினெட்டா? எப்ப பத்தத் தொட்டுச்சு?"

"நாப்பத்தொண்ணுல."

"நாப்பத்தொண்ணுலயா?" அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. புரியாமல் பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை. "அப்பறம் ஏம்புள்ள சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

"கோட்ட நீதான அழிச்ச?"

தெரிந்திருக்கிறது. கோகிலவாணி மடியில் கையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"வெள்ளிக்கெழமையே பாத்தேன். செரி, இனிமே இவளே படிச்சுச் சொல்றேங்கறா போலன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றார் குழந்தைவேல். "அதான் இன்னிக்கு நான் அந்தப் பக்கமே திரும்பல. நீ பேசாம வர்றீயே, அப்ப சூடு ஏறலன்னுதான நெனப்பேன்?"

என்ஜின் முனகிக்கொண்டிருந்தது. ஐம்பது வளைவும் அவள் வாயை மூடிக்கொண்டு வந்ததை அவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அந்த முகத்தில் இருந்த நிம்மதி மேலே இருப்பவளுக்காக இல்லை. அவள் படிக்கிறாள் என்ற நிம்மதி. கொடுத்துவிட்டார், நான்கு நாளைக்கு முன்பே கொடுத்துவிட்டார், கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஊமைக்குச் சமம். "இத அழுத்திப் புடி, ஆயிலு சொட்டுதான்னு பாக்கறேன்," என்று அவர் இறங்க, அவள் வலது பக்க சீட்டுக்கு நகர்ந்து பெடலில் கால் வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அங்கிருந்து மீட்டர் ஒருக்களித்துத் தெரிந்தது. வெயில் கண்ணாடிமேல் சாய்ந்து விழுந்ததில் பிளேடு விட்டுப்போன கீறல் மின்னியது, ஓரத்தில் ஒரு துளி சிவப்பு. அந்தக் கீறல் பதினாறில் இல்லை. பத்தில் இருந்தது. நூற்றுப் பத்தில், மயிரிழை பிசகாமல். அவள் தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தாள், கீறல் பதினாறுக்கு ஓடியது. நிமிர்ந்தாள், பத்துக்கு வந்தது. கண்ணாடிக்கும் முள்ளுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு எண், நேராகப் பார்த்தால் ஒரு எண். பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று. கோடு தப்பில்லை. இந்த சீட்டிலிருந்து பார்ப்பதற்காகப் போட்ட கோடு. இடது பக்கம் உட்காருகிறவளுக்கு இல்லை, இடது பக்கம் யாரும் இல்லாதபோது ஓட்டுகிறவருக்கு.

"சொட்டல," என்று அவர் ஜன்னலுக்கு வந்தார். கையை வேட்டியில் துடைக்கப் போய், வேட்டியும் வெள்ளை என்று நினைவு வந்து, புளியமரத்தில் துடைத்தார்.

"இந்தக் கோட்ட எப்பங்க போட்டாங்க?"

"தாரணி கல்யாணம் முடிஞ்சு, நான் மேலயே இருந்துக்கறேன்னு அவ சொன்னா பாரு, அன்னிக்கு. நான் கீழ எறங்கறதுக்கு முன்னாடி. இதே சீட்டுல உக்காந்து போட்டா. இனிப் படிக்க ஆளில்ல, செவப்பத் தொட்டா நிறுத்திக்கங்கன்னா." மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எண்ணு சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சுன்னா. அதான் உன்னையும் படின்னு சொல்ல எனக்கு ஒரு இதா இருந்துச்சு."

திலகம் என்று நினைத்தது விடைபெற்றுப் போன கோடு. மூன்று வருஷமாக ஒரு பொம்பளையின் பிரிவைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். இப்போதாவது எரிச்சல் அடங்க வேண்டும், நியாயம் அதுதான். அடங்கவில்லை. போகிறபோதுகூட அவர் பார்வை எங்கிருந்து விழும் என்று கணக்காக அறிந்து, ஒரு கோடு பிசகாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று அது வேறு பக்கமாகக் கிளம்பியது. நோட்டில் இருந்த சும்மா இப்போது வேறு மாதிரி தெரிந்தது. நிறுத்தினோம், சும்மா. ஒருவேளை மலையையும் பார்க்காமல், பேசவும் இல்லாமல், எண் ஆறுவதற்காக இரண்டு பேரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ. முள் இறங்கியது. பன்னிரண்டு. ஏழு. நூற்று ஒன்று. தொண்ணூற்றெட்டு. அவர் ஏறி உட்கார்ந்தார், அவள் தன் பள்ளத்துக்குத் திரும்பினாள். ஆமாம், பிரமிளாவின் பள்ளம்தான், ஆனால் உட்கார வாகாகத்தான் இருந்தது.

"ரெண்டாம் கியர்லயே விடுங்க. அஞ்சு கொறையும்," என்றாள்.

அது எப்படி அவளுக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. குச்சியை இழுத்து இரண்டில் போட்டார். ஐம்பத்தொன்றில் அவள் சொன்னாள், தொண்ணூற்றொன்பது. அவர், ம் என்றார். ஐம்பத்திரண்டு, நூற்று ஒன்று. ம். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. ஐம்பத்தாறு, நூற்று மூன்று. ம். ஐம்பத்தேழு. ம். ஐம்பத்தெட்டில் அந்த ம்மில் ஏதாவது ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். இல்லை. அறுபதில் கொய்யாக்காரி கூடையோடு நின்றாள், வண்டி நிற்கவில்லை. நூற்று மூன்று. ம். பிரமிளாவின் நோட்டில் வளைவுக்கு வளைவு எண் இருந்தது, இந்த ம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எழுபது போக, எழுபது வர. வருஷத்துக்கு எத்தனை தடவை, எத்தனை வருஷம். வாய் ஓய்ந்து போச்சு என்று சொன்னது வாயை இல்லை போலிருக்கிறது. அறுபத்து நான்கில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள். அவர் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. "எத்தன?" என்று கேட்டார். மூன்று வருஷம் காத்திருந்த கேள்வி. "நூத்தி ரெண்டு," என்றாள் கோகிலவாணி, கழுத்துவரை சிவந்து. "ம்," என்றார் அவர். சரி, இதையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தலாம் என்று நினைத்துக்கொண்டாள். காற்று குளிர்ந்து மிளகுக் கொடி ஏறின மரங்கள் தென்பட ஆரம்பித்தன.

தாரணி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வண்டி சத்தம் கேட்டு முதலில் வெளியே வந்தவள் பிரமிளாதான். தலை பாதி நரைத்து, கை நிறைய அரிந்த வாழைக்காய்க் கறையோடு. நகத்தில் பாலிஷ் எதுவும் இல்லை. குழந்தைவேலைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான், வெள்ளைச் சட்டையை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நேராக இடது பக்கக் கதவுக்கு வந்தாள். உள்ளே மீட்டர்மேல் அவள் பார்வை ஒரு கணம் விழுந்தது. கண்ணாடி வெறிச்சென்று இருந்ததைப் பார்த்தாள், பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள். மூக்கு லேசாகச் சுருங்கியது. தீய்ச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"வாங்க," என்றாள் பிரமிளா. "அம்பதுல எத்தன காட்டுச்சுங்க?"

கோகிலவாணி இறங்கி நின்றாள். கண்ணுக்கு நேராக, பால்மட்டத்தைப் பார்க்கிற மாதிரி, அந்த முகத்தைப் பார்த்தாள். நோட்டில் ஐம்பதுக்கு எல்லாப் பக்கத்திலும் நூற்று நான்குக்குக் குறைந்த எண்ணே கிடையாது. இன்றைக்கு ஐம்பதில் முள் இரண்டு எண் காட்டியிருந்தது, வேகும்போது ஒன்று, ஆறியபோது ஒன்று.

"தொண்ணூத்தெட்டுங்க," என்றாள்.

"அட. பரவால்லீங்களே," என்றாள் பிரமிளா.

பின்கதவைத் திறந்து அரிசி மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்த குழந்தைவேல், நிமிராமலே, "ம்," என்றார்.